சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்கவில்லையா? பழைய காரின் இக்னிஷன் சுவிட்ச்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூரில் 15 வருடம் தாண்டிய காரையும் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் தெருக்களில் மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ எல்லாம் இன்னும் நிற்பது அதனால்தான். எங்கள் தெருவில் இவற்றில் எது மக்கர் செய்தாலும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போவது என் வேலையாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் புகார் சாவி பக்கம்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்பார்கள். ஓடும்போது அணைகிறது, சாவி திரும்பவில்லை, சாவியை எடுத்தும் பாட்டு நிற்கவில்லை என்பதெல்லாம் அதே புகாரின் வேறு வேறு முகம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாவி போடும் இடத்தில் இருப்பது இரண்டு தனித்தனிச் சாமான்கள். முன்னால் பூட்டு: மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கிய உருளை, கூடவே ஸ்டீயரிங்கைப் பூட்டும் கம்பி. அதன் முதுகில் மின் சுவிட்ச்: ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே செம்புக் காண்டாக்டுகள், அதிலிருந்து வயர்களும், அவற்றை வண்டியின் வயரிங்கோடு சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளரும். பெரும்பாலான வண்டிகளில் ஓரிரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டப்பா மட்டும் தனியே வந்துவிடும். ஆனால் கடையில் போய் "இக்னிஷன் போச்சு" என்று சொன்னால் கதவுப் பூட்டு, டேங்க் மூடி எல்லாம் சேர்ந்த முழு லாக் செட்டை எடுத்து வைப்பார்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை பல ஆயிரத்துக்குப் போவது அங்கேதான். எந்தப் பாதி கெட்டது என்பதைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 நம்பர் ஸ்பானர், இரண்டு முனையிலும் கிளிப் உள்ள கொஞ்சம் தடியான வயர். எந்தச் சோதனையானாலும் வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து இருக்கட்டும். ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரைத் திறக்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அளவு பார்க்க வேண்டிய கட்டத்தில் மட்டும் திரும்ப மாட்டலாம். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கவரைத் தொட வேண்டாம். வெளியிலிருந்து செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: சாவியைத் திருப்பினால் எதுவுமே இல்லை, டாஷ்போர்டு மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை

கதவைத் திறந்து உள்விளக்கைப் பாருங்கள். ஹார்னை அடித்துப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இவை சாவி இல்லாமலே வேலை செய்யும்.

உள்விளக்கும் எரியவில்லை என்றால்: சுவிட்சை மறந்துவிட்டு பானட்டைத் திறங்கள். பேட்டரி டெர்மினலைக் கையால் திருகினால் அசையவே கூடாது. அசைந்தால், அல்லது வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கழற்றிச் சுடுநீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். பாதி வண்டிகள் இதிலேயே எடுத்துவிடும். அப்புறம் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

உள்விளக்கு எரிகிறது, மீட்டர் மட்டும் இருட்டு என்றால்: ஃப்யூஸ் பெட்டியில் மெயின் ஃப்யூஸ், இக்னிஷன் ஃப்யூஸ் இரண்டையும் பாருங்கள். சில வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு உருகும் வயர் இருக்கும். போயிருந்தாலும் வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பது போலவே தெரியும். இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி போய்விட்டது. அது நன்றாக இருந்தால் கவரைத் திறந்து கப்ளருக்கு வாருங்கள். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டும் தடியான வயர் ஒன்று இருக்கும், அதுதான் பேட்டரியிலிருந்து வரும் ஃபீட். அதிலேயே கரண்ட் இல்லை என்றால் இடையில் வயரிங் அறுந்திருக்கிறது; அதைத் தேடுவது எலக்ட்ரீஷியன் வேலை. ஃபீடில் இருக்கிறது, சாவியை ஆனில் வைத்தும் வேறு எந்த வயரிலும் வரவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது.

அறிகுறி: மீட்டர் விளக்குகள் எரிகின்றன, செல்ஃப் எடுக்கவில்லை

அதிகம் வருவதும், தப்பாகச் செலவாவதும் இதில்தான். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்து மாட்டியும் எடுக்காமல் நிற்கும் வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஸ்பானரை எடுப்பதற்கு முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

டக்டக்டக் என்று வேகமாகத் துடித்தால்: பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பும்போது மீட்டர் விளக்குகள் மங்கும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. டிசம்பர், ஜனவரி விடியலில் பெங்களூர் குளிருக்கு இந்தப் புகார் கூடும். பேட்டரி வயதானது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு 'டக்', பலமாக, அப்புறம் அமைதி என்றால்: சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சொலினாய்டு இழுத்திருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினின் வெறும் இரும்புக்கு ஜம்பர் கேபிள் ஒன்றை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். எடுத்தால் எர்த் பட்டைதான் குற்றவாளி. எடுக்காவிட்டால் சொலினாய்டு, அல்லது மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ். மோட்டாரைக் கழற்றக் கொடுக்கலாம்.

சத்தமே இல்லை என்றால்: இப்போது சந்தேகம் சுவிட்ச் மேல். சாவியை ஸ்டார்ட்டில் வைத்துக் கொஞ்சம் மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். ஒரு கோணத்தில் எடுத்து இன்னொரு கோணத்தில் எடுக்கவில்லை என்றால் தேய்ந்த காண்டாக்ட் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. தள்ளிவிட்டு இரண்டாவது கியரில் ஸ்டார்ட் ஆகிறதா? அப்படி ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஆன் நிலைக்கான காண்டாக்ட் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் நிலைக்கானது மட்டும் போயிருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளாதீர்கள். அதில் பார்க்கிங்கில் எடுக்காதது நியூட்ரலில் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் கியர் பக்கத்துப் பாதுகாப்புச் சுவிட்சைக் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு டெஸ்ட் லேம்ப். செல்ஃப் மோட்டாரின் மேலே உள்ள சொலினாய்டில் தடித்த கேபிள் தவிர ஒரு சின்ன வயர் வரும். லேம்ப்பின் கிளிப்பை எர்த்திலும் (எஞ்சின் அல்லது பாடியின் வெறும் இரும்பு) முனையை அந்தச் சின்ன வயரிலும் வைத்து, உள்ளே ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் கோளாறு மேலே, சுவிட்ச் பக்கம். எரிந்தால் மோட்டார் பக்கம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். லேம்ப்புக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டாம். சொலினாய்டு முதல் இழுப்பில் 30 ஆம்பியர்வரை கேட்கும். கருகிய காண்டாக்ட் வழியாக லேம்ப் எரிந்துவிடும், சொலினாய்டு அசையாது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது மல்டிமீட்டர்தான். கப்ளரின் பின்பக்கம் சிவப்பு முனையை ஃபீட் வயரிலும், கறுப்பு முனையை ஸ்டார்ட் வயரிலும் வையுங்கள். ஸ்டார்ட் வயர் எது என்று தெரியாவிட்டால், சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது மட்டும் கரண்ட் வருவது அது. சாவியைத் திருப்பும் நேரத்தில் மீட்டர் காட்டுவது சுவிட்சுக்குள்ளேயே காணாமல் போகிற வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சுவிட்சுக்குக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை, இரண்டு என்று போனால் சுவிட்ச்தான், வேறு எதையும் தேட வேண்டாம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. சாவி ஆனில் இருக்க, கிளிப் வயரால் ஃபீடையும் ஸ்டார்ட் வயரையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். செல்ஃப் கணீரென்று எடுத்தால் சுவிட்ச்தான். கியர் நியூட்ரலில் இருப்பதைத் தொடுவதற்கு முன் மறுபடி ஒருமுறை பாருங்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காமல் முன்னால் பாயும்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் அணைகிறது

சாவி ஸ்டார்ட்டிலிருந்து ஆனுக்குத் திரும்பும் நொடியில் எஞ்சின் செத்தால், அந்த நொடியில் மீட்டர் விளக்குகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

விளக்குகளும் சேர்ந்து அணைந்தால்: ஆன் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. சாவியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பிடித்தால் ஓடும். அப்படியே பிடித்துக்கொண்டு வீடுவரை ஓட்டி வருகிறவர்கள் உண்டு. தப்பித் தவறி ஸ்டார்ட் காண்டாக்ட் தொட்டுக்கொண்டே இருந்தால் செல்ஃப் மோட்டார் கருகும். டோ வண்டிக்கான காசு அதைவிடக் குறைவு.

விளக்குகள் எரிந்தபடி எஞ்சின் மட்டும் செத்தால்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் (கரண்டை விட்டுவிட்டு வெட்டும் காண்டாக்ட்) வைத்த பழைய பெட்ரோல் வண்டிகள் சிலவற்றில், பிளக்கில் பொறி வரவழைக்கும் காயிலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது கரண்ட் அதைத் தாண்டி நேராகக் காயிலுக்குப் போகும். ஆனுக்கு வந்ததும் அதன் வழியாகப் போக வேண்டும். ரெசிஸ்டர் அறுந்தால், மீட்டர் விளக்கு அணையாததைத் தவிர, அறிகுறி அச்சு அசலாகத் தேய்ந்த சுவிட்ச் மாதிரியே இருக்கும். சாவி ஆனில் இருக்கும்போது காயிலின் பாசிட்டிவில் வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யம் என்றால் ரெசிஸ்டரின் இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டால் அதை மாற்றினால் போதும்.

சாவிக்குள் சிப் உள்ள வண்டி, ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு விநாடியில் அணைகிறது, மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறது என்றால் அது இம்மொபிலைசர், அதாவது சிப்பை அடையாளம் தெரியாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் திருட்டுத் தடுப்பு. தெருமுனையில் வெட்டிய சிப் இல்லாத டூப்ளிகேட் சாவியா என்று பாருங்கள். அசல் சாவியிலும் இப்படித்தான் என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

அறிகுறி: ஓடும்போது குழியில் இறங்கினால் எல்லாம் அணைகிறது, திரும்ப வருகிறது

இந்த வண்டியை ஓசூர் ரோடு மேம்பாலத்தில் ஏற்றாதீர்கள். சரிசெய்யும்வரை தெருவுக்குள்கூட வேண்டாம்.

ஓட்டத்தில் அணைந்தால் செய்ய வேண்டியது: பதறிப் போய்ச் சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் கனமாகிவிடும், இரண்டு கையாலும் பிடித்து இடது ஓரம் கட்டுங்கள். ஹசார்ட் விளக்கைப் போடுங்கள்.

காரணங்களில் மலிவானது சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் சாவி, மேலே ஒரு பித்தளை முருகர், எல்லாம் சேர்ந்து குழிக்குக் குழி தொங்கி ஆடினால் தேய்ந்த பூட்டு தன் இடத்திலிருந்து நழுவும். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2014-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த விஷயத்துக்காகத்தான். சுவிட்சில் பிடிப்புப் போதாமல், சாவிக்கொத்தின் எடையிலோ குலுங்கலிலோ சாவி ஓடும் நிலையிலிருந்து நழுவி, எஞ்சின் நின்றது, ஏர்பேக்கும் விரியாமல் போனது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. கார் சாவியைத் தனியே ஒரு வளையத்தில் வையுங்கள். முருகர் டாஷ்போர்டில் இருக்கட்டும்.

சோதனை: நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விட்டு, முதலில் சாவியை மட்டும் மெல்ல ஆட்டுங்கள். அணைந்தால் சுவிட்ச், அல்லது சுவிட்சைத் திருப்பும் பூட்டின் நாக்கு. பிறகு சாவியைத் தொடாமல் கவருக்குள் கையை விட்டுக் கப்ளரை மட்டும் ஆட்டுங்கள். அதில் அணைந்தால் கப்ளருக்குள் இருக்கும் உலோகப் பின் தளர்ந்திருக்கிறது, சுவிட்ச் நல்லதாகவே இருக்கலாம். இரண்டிலும் அணையாவிட்டால் மெயின் ஃப்யூஸ் பிடிப்பையும் பேட்டரி டெர்மினலையும் ஆட்டிப் பாருங்கள்.

குழியில் எஞ்சின் மட்டும் நின்று, மீட்டரும் வைப்பரும் ஓடிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் பம்ப், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள்.

அறிகுறி: சாவி போடும் இடம் சுடுகிறது, கருகல் வாசனை

உடனே நிறுத்தி பேட்டரியைக் கழற்றுங்கள். இதற்கு அநேகமாக ஒரே காரணம்தான்: சுவிட்சின் தலையில் கட்டிய கூடுதல் சுமை. மியூசிக் சிஸ்டம் போடுகிறவர் கைக்கு எட்டிய வயர் என்று சாவிக்குக் கீழே சுரண்டி ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் எடுத்திருப்பார். ஃபாக் லேம்ப்பும் அங்கேயே. 100 வாட் பல்பு இரண்டு போட்டால் 15 ஆம்பியர் கூடுதலாகப் போகும். அந்தச் செம்புத் தகடு அதற்காகச் செய்ததில்லை. கவரைத் திறந்து பாருங்கள். கப்ளரின் ஒரு மூலை பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகி உலோகப் பின் சாய்ந்திருந்தால், சுவிட்ச் மட்டும் மாற்றிப் பயனில்லை. கப்ளரையும் வெட்டிப் புதிது போட வேண்டும், இல்லாவிட்டால் புதுச் சுவிட்சும் அதே மூலையில் கருகும். கூடுதல் விளக்கு, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டு ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வயர் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள்.

அறிகுறி: சாவி திரும்பவில்லை, மாட்டிக்கொள்கிறது, அல்லது ஓடும்போதே கையோடு வந்துவிடுகிறது

இது பூட்டின் புகார், மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாய்வில் சக்கரத்தைத் திருப்பி நிறுத்தியிருந்தால் ஸ்டீயரிங் பூட்டுக் கம்பி இறுகியிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைத்தபடியே சாவியைத் திருப்புங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். அதில் வராவிட்டால் பீரோவில் கிடக்கும் ஸ்பேர் சாவியைப் போடுங்கள். ஸ்பேர் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பினால் தேய்ந்தது சாவிதான். புதுச் சாவி வெட்டும்போது அந்த ஸ்பேரைக் கொடுத்து வெட்டுங்கள். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டித் தருவார்.

பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். பெங்களூர் இரவு வருடத்தின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். உறைந்ததில் தூசி ஒட்டி, தகடுகள் எழும்பாது. கிராஃபைட் பொடி கொஞ்சம் போதும். கிடைக்காவிட்டால் மெத்தான பென்சில் முனையைப் பிளேடால் சுரண்டி அந்தத் தூளைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுங்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பின்னால் இருப்பது சுவிட்ச். அதனால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் முதலில் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள்.

ஓடும்போது சாவி கையோடு வந்தால் உள்ளே தகடுகள் தேய்ந்துபோயின. வண்டி உடனே நிற்காது, ஆனால் அந்தப் பூட்டு யார் சாவிக்கும் திரும்பும். உருளையை மாற்ற நாள் பாருங்கள்.

சாவி உள்ளே உடைந்தால் மிச்சத் துண்டை ஊசி போட்டு நோண்ட வேண்டாம். சாவிக்காரரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: எஞ்சின் எடுத்த பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது

கர்ர் என்று ஓர் அரைக்கும் சத்தம். சாவியை ஆஃப் செய்யுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், அதற்காக 10 நம்பர் ஸ்பானர் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். அப்புறம் ஆற அமரப் பாருங்கள். சாவியை ஸ்டார்ட்டிலிருந்து விட்டால் தானே துள்ளி ஆனுக்கு வர வேண்டும். சோம்பேறியாக நின்றால் ஸ்ப்ரிங் போய்விட்டது, சுவிட்சை மாற்றுங்கள். சாவி நன்றாகத் துள்ளி வருகிறது, சொலினாய்டின் சின்ன வயரைக் கழற்றிவிட்டு பேட்டரியை மாட்டினாலும் சுற்றுகிறது என்றால் சொலினாய்டின் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு மெக்கானிக்தான்.

அறிகுறி: சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஓடுகிறது, அல்லது எஞ்சின் நிற்கவில்லை

பாட்டு, வைப்பர், மீட்டர் விளக்கு தொடர்ந்தால் காண்டாக்ட் விடுபடவில்லை. கப்ளரை உருவுங்கள், நின்றுவிட்டால் சுவிட்ச். எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறது என்றால், நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. இந்த நிலையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

பழைய டீசல் வண்டியில் எஞ்சினே நிற்கவில்லை என்றால் பம்ப் மேல் உள்ள டீசல் நிறுத்தும் சொலினாய்டைச் சந்தேகியுங்கள். அதன் வயரை உருவினால் நிற்க வேண்டும். நின்றால் சுவிட்ச் கரண்டை விடவில்லை, நிற்காவிட்டால் சொலினாய்டு சிக்கியிருக்கிறது. கார்புரேட்டர் பெட்ரோல் வண்டி சாவியை எடுத்த பிறகும் டக்குடக்கென்று இருமிக்கொண்டே ஓடினால் சுவிட்சுக்குச் சம்பந்தமில்லை, எஞ்சின் ட்யூனிங் பார்க்க வேண்டும்.

சுவிட்ச்தான் என்று உறுதியான பிறகு

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் கவரின் அடியில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூக்களைத் திறங்கள். சுவிட்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ சின்னது, பெரும்பாலும் கையை மடக்கினால்தான் எட்டும். கழற்றும்போது சாவி எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது பூட்டின் நாக்கும் சுவிட்சின் பள்ளமும் அதே நிலையில் சேர வேண்டும்.

டப்பாவைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்குச் செய்யலாம். ஒரு வெள்ளைத் தட்டின் மேல் வைத்துப் பிரியுங்கள், ஏனென்றால் உள்ளே சின்ன ஸ்ப்ரிங்கும் எஃகுக் குண்டும் இருந்தால் துள்ளி ஓடிவிடும். காண்டாக்டைப் பார்த்தாலே கதை புரியும்: மற்ற இடமெல்லாம் செம்பு பளபளக்க, ஸ்டார்ட் முனையில் மட்டும் கறுப்பாகக் கரி படிந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, கிளீனர் அடித்து, காண்டாக்ட் கிரீஸ் கொஞ்சம் தடவி மூடினால் சில மாதம் ஓடும். பள்ளம் ஆழம் என்றால் புதுச் சுவிட்ச்தான் சரி.

பெங்களூரின் உதிரிபாகக் கடைத் தெருவான ஜே.சி. ரோடுக்குப் போகும்போது பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் கார்புரேட்டர் வண்டியும் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியும் வந்திருக்கின்றன, கப்ளர் மாறும். கவுன்டரில் "என்னண்ணா, சுவிட்ச் மட்டுமா, செட்டா?" என்று தமிழிலேயே கேட்பார்கள். "சுவிட்ச் மட்டும்பா, கப்ளர் பாத்துக் குடு" என்று பழையதை நீட்டுங்கள். கப்ளர் பின்களின் எண்ணிக்கை, பள்ளத்தின் வடிவம், ஸ்க்ரூ துளைகளின் தூரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வயர் நிறத்தை நம்பாதீர்கள், டூப்ளிகேட்டில் நிறம் எப்படியும் இருக்கும். சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) பழைய சுவிட்ச் மலிவாகக் கிடைக்கும்தான். அதுவும் இன்னொரு பழைய வண்டியில் தேய்ந்தது. அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புதிது போடும் அன்றே ஒரு ஸ்டார்ட்டர் ரிலேயும் போட்டுவிடுங்கள். பல பழைய வண்டிகளில் சொலினாய்டின் கரண்ட் முழுவதும் சாவி வழியாகவே போகிறது. சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சினை அணைத்து எடுக்கும் ஊரில் அந்தக் காண்டாக்ட் எவ்வளவு தாங்கும்? 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், நான்கு பின் ரிலே ஒன்று போதும். சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போன சின்ன வயரைக் கழற்றி ரிலேயின் 86-ல் கொடுங்கள். 85 எர்த்துக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு ஒரு வயர், 87-லிருந்து சொலினாய்டுக்கு ஒரு வயர், இரண்டும் 4 சதுர மில்லிமீட்டர். இனிச் சாவி வழியாகப் போவது ரிலேயை இழுக்கத் தேவையான சொற்பக் கரண்ட், சுமார் 0.2 ஆம்பியர். புதுச் சுவிட்ச் வைக்காமல் ரிலே மட்டும் போட்டே எடுத்த வண்டிகள் உண்டு. அது தற்காலிகம், ஆன் காண்டாக்டும் அதே வயதுடையதுதான்.

டாஷ்போர்டில் ஓட்டை போட்டுப் புஷ் பட்டன் வைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. செல்ஃப் எடுக்கும், ஆனால் தேய்ந்த ஆன் காண்டாக்ட் அப்படியே இருக்கும், பாதி ரோட்டில் அணையும்.

எங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

பூட்டு உடம்பையே மாற்ற வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். அதை ஸ்டீயரிங் தண்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலையே இருக்காது. திருடன் கழற்றக் கூடாது என்று இறுக்கும்போதே தலை முறியும்படி செய்தவை. உளியும் பன்ச்சும் வைத்துத் தட்டிச் சுற்ற வேண்டும், அல்லது துளை போட வேண்டும். கை தவறினால் ஸ்டீயரிங் தண்டு அடிபடும். இம்மொபிலைசர், ஏர்பேக், உருகிய வயரிங், இவையும் அப்படித்தான். எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போது "செல்ஃப் எடுக்கல" என்று மட்டும் சொல்லாமல் "ஸ்டார்ட் வயரில் இரண்டு வோல்ட் விழுகிறது" என்று சொல்லுங்கள். மோட்டாரைக் கழற்றும் பேச்சே வராது.

கவரை மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என நான்கு நிலையிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட்டிலிருந்து துள்ளி வருகிறதா, ஆனில் நிற்கும்போது ஆட்டினாலும் விளக்கு சிமிட்டாமல் இருக்கிறதா, லாக்கில்தான் சாவி வெளியே வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, புது வயர் எங்கும் மாட்டி இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்க்ரூவைப் போடுங்கள். கவரின் அடி ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் முனை வயரில் போய்க் குத்தும்.